கிரான் புருலேயில் வெள்ளைக் கோடு

இதே சாலையை நான்காம் முறையாகப் போடுகிறேன்.
முதல் முறை மீசை அரும்பிய வயது.
இப்போது அது நரைத்து, தார்ப்புகையில் பழுத்துக் கிடக்கிறது.
மலை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம்.
மலை இறங்கியாக வேண்டும்.
கடலுக்கு அவசரமில்லை.
நடுவில் நாங்கள்,
இரண்டு ரோலர், ஒரு லாரி, ஏழு பேர்.

மலைக்குக் கோபம் என்கிறார்கள் செந்த்-ரோஸ் கடைத்தெருவில்.
கோபப்பட ஓர் ஆள் வேண்டுமே.
விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தவன் நான்.
உள்ளே யாருமில்லை.

இறங்கி வருவதைக் குழம்பு என்கிறோம்,
சோற்றில் ஊற்றுகிற அதே சொல்லால்.
ஒருமுறை அது கோயில் படிவரை வந்து நின்றதாம்.
மாதா கையை உயர்த்தினாள் என்றார் திஜூ,
லாரியின் நிழலில் சிகரெட்டோடு.
பத்தடி தள்ளித்தான் என் சித்தப்பா வீடு.
தையல் மெஷின், கட்டில்,
கண்ணாடித் தொட்டியில் இரண்டு மீன்.
"மீன்மேல் மாதாவுக்கு என்ன வருத்தம்?" என்றேன்.
திஜூ சிரிக்கவில்லை.
பாதியிலேயே அணைத்துவிட்டு எழுந்துபோனார்.

மூன்று ஆண்டு கழித்தும் கல்லுக்குள் சூடு இருக்கும்.
மழை பெய்தால் நிலமெல்லாம் ஆவி.
நிற்கலாம், உட்கார முடியாது.
துக்கமும் இப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
வேண்டாம்.
கல் கல்லாகவே இருக்கட்டும்.

மர்லேன் ஆஸ்பத்திரியில் பதினோரு மாதம் கிடந்தாள்.
வலி பத்துக்கு எத்தனை என்று தினமும் கேட்பார்கள்.
எட்டு என்பாள்.
முகத்தைப் பார்த்தால் எட்டு இல்லை.
"பத்தை எதற்காவது வைத்துக்கொள்ள வேண்டாமா?"
கடைசி வாரம் யாரும் கேட்கவில்லை.

மகள் ஒரேலி ஞாயிற்றுக்கிழமை வந்தாள்,
பிரெட்டில் அச்சார் வைத்து எடுத்துக்கொண்டு.
"பிள்ளை வேண்டாமென்று முடிவெடுத்துவிட்டேன் பப்பா.
வருத்தத்தில் இல்லை.
ஒருத்தரைக் கேட்காமல் இங்கே அழைக்க மனசில்லை."
கேட்டுவிட்டு யாரைத்தான் அழைத்தார்கள்?
கப்பலில் வந்த வையாபுரியிடமும்
பெருவிரலைத்தான் கேட்டார்களே தவிர
வேறொன்றும் கேட்கவில்லை.
இதை நான் சொல்லவில்லை. அவள் கட்சிக்குத்தான் பலம்.
தேடித் தேடி,
"டிசம்பரில் லிச்சி வருமே" என்றேன்.
"லிச்சிக்காகவா?"
விழுந்து விழுந்து சிரித்தாள்.
லிச்சிக்காக யாரும் பிறப்பதில்லை, சரிதான்.
ஆனால் போன டிசம்பரில்
ஒரு கூடையை ஒற்றை ஆளாகத் தின்று
கொட்டைகளை என் சட்டைப் பையில் போட்டவள் அவள்.

மூன்றாம் சாலை போனபோது
பென்ஷன் காகிதம் வந்தது.
ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.
போடவில்லை.
போடாதே என்று எவரும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.
பழி சொல்ல ஒரு சாமியோ ஒரு மேஸ்திரியோ இருந்திருந்தால்
அன்றிரவு தூங்கியிருப்பேன்.
காகிதத்தை மடித்து
ஆடுகிற மேசைக்கால் அடியில் வைத்தேன்.
மேசை இப்போதும் கொஞ்சம் ஆடுகிறது.

இந்தத் தாருக்கு இருபது வருடம் என்கிறது ஒப்பந்தம்.
அதைத் தட்டச்சு செய்தவரும் சிரித்திருப்பார்.

கடைசி வேலை நடுக்கோடு.
கயிறு கட்டி, சுண்ணாம்பு தட்டி,
குனிந்தபடியே நடந்து முடித்துத்
திரும்பிப் பார்த்தால்
வளைவுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் விலகியிருந்தது.
மலைக்குத் தெரியாது.
அறுபதில் போகிறவருக்கும் தெரியாது.
திஜூ கைக்கடிகாரத்தைக் காட்டினார்.
செங்-பிலிப் பக்கம் கார்கள் காத்திருந்தன,
ஒருவர் ஹாரனை விடாமல் அழுத்தினார்.

சுரண்டினேன்.
மறுபடி கயிறு கட்டினேன்.

தூரத்தில் மழை இறங்க,
அங்கே கல் புகையத் தொடங்கியது.
பெயின்ட் இன்னும் காயவில்லை.